மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஃபார்வர்டு... செஞ்சியிலிருந்து ஒரு தேடல்! மருத்துவத் தகவலை போனில் எப்படித் தேடணும்?

செஞ்சிக் கோட்டைக்கு இப்போ கூட்டம் ஜாஸ்தி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம் கிடைத்ததிலிருந்து, ராஜகிரி அடிவாரத்தில் ரீல்ஸ் எடுக்காத ஆளே இல்லை. மராட்டிய சிவாஜி, முகலாயர்களின் நீண்ட முற்றுகை, தேசிங்கு ராஜா என்று கதை சொல்ல கைடுகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கதையை யாரும் சொல்வதில்லை.

1750-லிருந்து 1761 வரை இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், செஞ்சியை ஆரோக்கியமே இல்லாத இடம் என்கிறார். அந்தப் பத்து வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இழந்த ஐரோப்பியர்கள் 1,200 பேர் என்பது அவர் தரும் கணக்கு. ஏன் செத்தார்கள்? `தண்ணி சரியில்லை, காத்து சரியில்லை' என்பதுதான் அந்தக் காலத்துப் பதில். `மலேரியா' என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் `கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமியை ரொனால்டு ராஸ் பார்த்ததே 1897-ல், செகந்திராபாத்தில்தான்.

அவர்களுக்குத் தகவல் இல்லை. நமக்கு? பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கு. அப்புறம் ஏன் எங்கப்பா மூணு வாரம் சுகர் மாத்திரையை நிறுத்தினார்?

விஷயம் இதுதான். எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. `மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்களா? உங்க கிட்னி கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருக்கு. அமெரிக்காவே எச்சரிக்கை விட்டுடுச்சு' என்று சிவப்பு எழுத்தில். அப்பாவுக்கு 62 வயசு, ஒன்பது வருஷமாக சுகர். யாரிடமும் சொல்லவில்லை, சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். கண்டுபிடித்தது நானும் இல்லை, அம்மாவும் இல்லை. `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற அக்காதான். ``என்னப்பா, போன மாசத்து அட்டை அப்படியே இருக்கு?" என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வெறும் வயிற்றில் டெஸ்ட் எடுத்தால் 268.

``ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?" என்றேன்.

``நீ என்ன டாக்டரா? அதான் கூகுள்லயும் போட்டுப் பாத்தேனே. அதுவும் அப்படித்தான் சொல்லுது" என்றார்.

அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. `மெட்ஃபார்மின் கிட்னி பாதிப்பு' என்று தேடினால், மெட்ஃபார்மினும் கிட்னி பாதிப்பும் சேர்ந்து வரும் பக்கங்கள்தான் வரிசையாக வரும். கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு கேட்டால், கடைக்காரர் அதையேதான் எடுத்துக் கொடுப்பார். நீங்களும் நானும் தலைவலிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேட ஆரம்பித்து, ஒரு மணிக்கு மூளையில் கட்டி என்று முடிவுகட்டுவது இந்த வழியில்தான்.

நூலகர் என்ன செய்வார்?

மருத்துவக் கல்லூரிகளில் நூலகம் இருக்கும், தெரியும். அங்கே இருக்கும் நூலகருடைய வேலை தடித்தடியான புத்தகங்களுக்கு சீல் குத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், உலகம் முழுக்க மருத்துவ நூலகர்களின் பெரிய வேலையே கேள்வியைத் திருத்துவதுதான்.

அவர்களிடம் எளிமையான ஒரு முறை இருக்கிறது. எந்தக் கேள்வியையும் நாலாக உடைப்பார்கள். யாருக்கு? என்ன மருந்து அல்லது சிகிச்சை? எதோடு ஒப்பிட்டு? என்ன விளைவைப் பார்க்கிறோம்? அப்பாவின் கேள்வியை இப்படி உடைத்துப் பாருங்கள். `60 வயசு தாண்டிய, கிட்னி நன்றாக இருக்கிற, டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிட்டால், வேறு மாத்திரை சாப்பிடுகிறவரைவிட, கிட்னி அதிகமாகக் கெடுகிறதா?' பார்த்தீர்களா, பயம் பாதி குறைந்துவிட்டது. `கிட்னி நன்றாக இருக்கிற' என்ற மூன்று சொற்கள்தான் அந்த ஃபார்வர்டில் காணாமல் போனவை.

அடுத்தது, பெயர் சிக்கல். நாம் `சுகர்' என்கிறோம். தாத்தா காலத்தில் `சர்க்கரை வியாதி'. புத்தகத்தில் `நீரிழிவு'. சித்த வைத்தியர் `மதுமேகம்' என்பார். நான்கும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தில் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து, ஒரு நோய்க்கு ஒரே தலைப்பு என்று சொற்பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறார்கள். கட்டுரையை எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும், அது `டயாபெட்டீஸ் மெலிட்டஸ், டைப் 2' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்து விழும். (மெலிட்டஸ் என்றால் லத்தீனில் தேன் போன்ற இனிப்பு. நம் மதுமேகத்தில் இருக்கும் மதுவும் தேன்தான். ரெண்டு ஊர்க்காரர்களும் சிறுநீரின் இனிப்பைத்தான் கவனித்திருக்கிறார்கள்!)

இந்த நூலகம் 1836-ல், ராணுவ மருத்துவத் தலைவரின் அலுவலக அலமாரியாகத் தொடங்கியது. அங்கே பொறுப்பில் இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ், உலகில் வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளுக்கெல்லாம் ஓர் அட்டவணை போட ஆசைப்பட்டு, 1879-ல் `இண்டெக்ஸ் மெடிகஸ்' என்று மாதாமாதம் அச்சடிக்க ஆரம்பித்தார். அந்த அட்டவணையின் பேரப்பிள்ளைதான் `பப்மெட்'. 1997-ல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. லாகின் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திறந்தாலும் திறக்கும்.

``அதான் ஃப்ரீயா இருக்கே, அப்புறம் நூலகர் எதுக்கு?" என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு துயரமான பதில் இருக்கிறது.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், எலன் ரோச் என்ற 24 வயதுப் பெண் ஓர் ஆஸ்துமா ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராக வந்தார். நோயாளி இல்லை, முழு ஆரோக்கியமான பெண். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற ரசாயனத்தை மூச்சில் இழுக்க வைத்தார்கள். நுரையீரல் கெட்டு, ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். ஆராய்ச்சிக்கு முன் இணையத்தில் தேடியிருந்தார்கள், பப்மெட்டிலும் பார்த்திருந்தார்கள். ஆனால் அன்றைக்கு பப்மெட் 1966 வரைதான் பின்னால் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற கட்டுரைகள் 1950-களில் வெளியானவை. அச்சு அட்டவணையில், அலமாரியில் இருந்தன. ஸ்கிரீனில் இல்லை, அவ்வளவுதான். `இணையத்தில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை' என்ற நினைப்புக்கு ஓர் உயிர் போனது. மருத்துவ நூலகர்களை ஆராய்ச்சிக் குழுவிலேயே சேர்க்க வேண்டும் என்ற குரல் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பலமாக எழுந்தது.

தேடினால் மட்டும் போதாது, கூட்டிப் பார்க்கணும்

ஒரு ஆராய்ச்சி `காபி நல்லது' என்கும், இன்னொன்று `கெட்டது' என்கும். எதை நம்புவது? இதற்காக 1993-ல் தொடங்கியதுதான் காக்ரேன் அமைப்பு. ஒரே கேள்விக்கு நடந்த எல்லா ஆராய்ச்சிகளையும் தேடியெடுத்து, தரம் பார்த்து, ஒன்றாகக் கூட்டிச் சொல்வது இவர்கள் வேலை. தெற்காசியாவுக்கான இவர்களது மையம் நம் வேலூர் சி.எம்.சி-யில் செயல்பட்டது.

காக்ரேனின் லோகோவைப் பாருங்கள். வட்டத்துக்குள் சில படுக்கைக் கோடுகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. டிசைன் என்று நினைக்காதீர்கள், அது ஒரு நிஜ வரைபடம். குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து பிழைக்கும் என்று 1972-ல் நியூசிலாந்தில் நடந்த ஆராய்ச்சி சொன்னது. அதற்குப் பிறகும் பல ஆராய்ச்சிகள் நடந்தன. சிறியவை என்பதால், தனித்தனியாகப் பார்த்தால் சில `இருக்கலாம்' என்றன, சில `தெரியவில்லை' என்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த விமர்சன ஆய்வு வந்தது 1989-ல். கூட்டினால் பதில் பளிச்சென்று தெரிந்தது. லோகோவில் உள்ள ஒவ்வொரு படுக்கைக் கோடும் அந்த ஆராய்ச்சிகளில் ஒன்று. நடுவில் கழிந்த பதினேழு வருடங்களில் மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். தகவல் எங்கேயோ இருந்தது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

காக்ரேன் ஆய்வுகளுக்கு எளிய நடையில் சுருக்கம் எழுதுகிறார்கள். அவற்றில் பல தமிழிலும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாகத்தான் இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள். `அற்புத மூலிகை' வீடியோக்களுக்கு இது எவ்வளவோ மேல்.

தமிழில் ஏன் கிடைக்கவில்லை?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் தேடினால் பத்து குப்பைக்கு நடுவே ரெண்டு நல்ல பக்கமாவது கிடைக்கும். தமிழில் தேடினால் பெரும்பாலும் வைத்தியக் குறிப்புகள், மெஷின் மொழிபெயர்த்த பக்கங்கள், `இதை மட்டும் சாப்பிடுங்க' வீடியோக்கள். `மருத்துவத்தை எல்லாம் தமிழ்ல சொல்ல முடியாதுங்க' என்று இதற்கு ஒரு சமாதானம் வேறு சொல்வார்கள்.

முடியாதா? 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் வந்து இறங்கினார். வயசு 25. மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே தமிழ் படித்தார். 1860-களில் ஒரு முடிவெடுத்தார்: இனி மருத்துவ வகுப்பு ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்தான். பாடப்புத்தகம்? அதையும் மாணவர்களோடு சேர்ந்து அவரே உருவாக்கினார். உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை, வேதியியல் என்று வரிசையாக. அறுவை சிகிச்சை நூலுக்கு `இரண வைத்தியம்' என்று பெயர். டாக்டர்கள் இன்றும் புரட்டுகிற `கிரேஸ் அனாட்டமி' இருக்கிறதே, அது 1872-லேயே `மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது! மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். அவரிடம் தமிழில் மருத்துவம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். கலைச்சொற்களுக்கு முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சம்ஸ்கிருதத்தில், அதுவும் இல்லையென்றால் ஆங்கில வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுது என்று அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வாட்ஸ்அப்பும் இல்லை, யூனிகோடும் இல்லை.

தஞ்சாவூருக்குப் போனால் கதை இன்னும் பின்னால் போகும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்று மருத்துவ ஆராய்ச்சிக்கே ஓர் இடம் வைத்திருந்தார். கண் நோயாளிகளின் கேஸ் ஷீட்கள், கண்ணின் வண்ணப் படத்தோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நமக்கு எழுதிவைக்கிற பழக்கம் இருந்தது, தேடுகிறவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதில்தான் கோட்டை விட்டோம்.

இத்தனைக்கும் நூலகவியலின் தந்தை என்று உலகமே சொல்லும் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதையே நூலகத்தின் விதிகளில் ஒன்றாக 1931-லேயே எழுதியவர். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியில் வளர்ந்த கிளை நூலகங்களில் நாம் டி.என்.பி.எஸ்.சி கைடு தேடுகிறோம், மெட்ஃபார்மினைத் தேடுவதில்லை.

சரி, அப்பாவுக்கு என்ன பதில் கிடைத்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது உடம்பை விட்டு வெளியேறும் பாதைதான் கிட்னி. கிட்னி ஏற்கெனவே ரொம்பப் பலவீனமாக இருந்தால், மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அப்போது லாக்டிக் அமிலம் கூடி அபூர்வமாக ஆபத்து வரலாம். அதனால்தான் கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற எண் 30-க்குக் கீழே போனால் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, 30-க்கும் 45-க்கும் நடுவே என்றால் டாக்டர் டோஸை மறுபடி யோசிக்க வேண்டும். ஃபார்வர்டு சொன்ன `அமெரிக்க எச்சரிக்கை' 2016-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட அறிவிப்பாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த அறிவிப்பு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது! லேசான கிட்னி பாதிப்பு இருப்பவர்களும் சாப்பிடலாம் என்று சொல்லத்தான் அதை வெளியிட்டார்கள்.

பயத்துக்கு ஒரு பழைய வேரும் உண்டு. மெட்ஃபார்மினின் சொந்தக்கார மருந்து ஃபென்ஃபார்மின். அது லாக்டிக் அமிலப் பிரச்னையால் 1970-களில் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அண்ணன் செய்த தப்புக்குத் தம்பி மேல் சந்தேகம்.

மறுநாள் அப்பாவின் பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். கிரியாட்டினின் மட்டும் போட்டிருந்தது. வயசு, ஆணா பெண்ணா என்பதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர் வந்துவிடும். 78. ரெண்டையும் எடுத்துக்கொண்டு அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆமாம், டாக்டரிடம்தான். படித்ததை வைத்து நானே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கவில்லை. அந்த மூணு வாரத்தில் சுகர் எகிறியிருந்ததால் அவர் டோஸையே மாற்றிக் கொடுத்தார்.

நீங்களும் தேடப் போகிறீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை அனுபவத்தில் சில விஷயங்கள். பப்மெட்டில் மருந்தின் கடைப்பெயரைப் போடாதீர்கள், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் போடுங்கள். இடப்பக்கம், போனில் ஃபில்டர் பட்டனுக்குள், `இலவச முழுக் கட்டுரை', `சிஸ்டமேடிக் ரிவ்யூ' என்ற பொருளில் ரெண்டு கட்டங்கள் இருக்கும். ரெண்டையும் டிக் செய்தால் ஆயிரக்கணக்கானவை சட்டென்று சுருங்கிவிடும். எலியிடம் செய்த ஆராய்ச்சியா, மனிதரிடமா என்று பாருங்கள். `மஞ்சள் கேன்சரைக் கொல்கிறது' வகையறாவில் பாதி கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தவை. அப்புறம், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பது முக்கியம். 2020 மே மாதம் `லான்செட்' இதழில் வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை உலகத்தையே உலுக்கியது. ரெண்டே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளின் மேல் பப்மெட் எச்சரிக்கைப் பட்டை போட்டிருக்கும். ஃபார்வர்டில் அந்தப் பட்டை வராது.

ஏ.ஐ சாட்பாட்டைக் கேட்கலாமா? கேட்கலாம், கடினமான ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கச் சொல்ல அது நல்ல துணை. ஆனால், `இந்த ஆராய்ச்சி சொல்கிறது' என்று அது ஒரு தலைப்பைக் கொடுத்தால், அந்தத் தலைப்பை அப்படியே பப்மெட்டில் ஒட்டித் தேடுங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் சொல்லும் வியாதி அதற்கு உண்டு.

காசு கேட்கும் கட்டுரைகள் ஒரு தனித் தலைவலி. கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. `ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் செலவு. நீங்கள் அரசுக் கல்லூரியில் படித்தால், உங்கள் நூலகரிடம் போய் லாகின் கேளுங்கள். எங்கப்பா மாதிரி ஆட்களுக்கு இந்தக் கதவு இல்லை, கிளை நூலகத்துக்கும் இல்லை. அந்தப் பணம் நம் வரிப்பணமும்தான். மாவட்ட நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்காவது இதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தேடவே நேரமில்லை, உடனே சந்தேகம் தீரணும் என்றால் 104-க்கு போன் போடுங்கள், தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். மாத்திரை சாப்பிட்டு ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்வதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவு செய்யலாம். மருந்துகளின் பக்க விளைவுகளைத் தேசிய அளவில் திரட்டுகிறவர்கள் எடுப்பார்கள். `யாரோ ஒருத்தருக்கு ஆச்சாம்' என்று குரூப்பில் போடுவதைவிட, இங்கே சொன்னால் அது கணக்கில் ஏறும்.

அப்பா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். குரூப்பை விட்டு மட்டும் வெளியேற மாட்டேன் என்கிறார், சம்பந்தி கோவிச்சுக்குவாராம். அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட். இந்த முறை போகிற லேபில் இ.ஜி.எஃப்.ஆரையும் சேர்த்துப் போட்டுத் தருவார்களா என்று முன்னாலேயே கேட்டுவைத்திருக்கிறேன். தருவார்களாம்.